அமாவாசை ஆயில்

எங்கள் வீட்டுக்கு பஸ் வந்த நாளிலிருந்து யாரும் யாரையும் நம்பவில்லை. அதற்கு முன்னால் மட்டும் ரொம்ப நம்பிக் கிழித்தோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்போதெல்லாம் சந்தேகப்படுவதற்கு வரப்பும் கிணற்றுத் தண்ணீரும்தான் இருந்தன. பஸ் வந்தபின் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சந்தேகம் வந்து சேர்ந்தது.

பஸ் என் கணவருக்கும் என் கூடப்பிறந்த அண்ணனுக்கும் பொதுவானது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால், ஆளுக்குக் கொஞ்சம் காட்டை விற்று வாங்கினார்கள். எங்கள் வீடு சேந்தமங்கலத்தை ஒட்டி. அண்ணன் இருந்தது என் பிறந்த ஊரான எருமப்பட்டியில். பஸ் சேந்தமங்கலத்தில் கிளம்பி, நாமக்கல் வழியாக எருமப்பட்டி போய்த் திரும்பும். ராத்திரி எங்கே நிற்பது என்பதில்தான் முதல் தகராறு. ஒரே வீட்டில் நின்றால் அந்த வீட்டுக்காரர் என்னவாவது செய்துவிடுவாராம். கடைசியில் ஒருநாள் எங்கள் களத்தில், மறுநாள் அண்ணன் களத்தில் என்று முடிவானது.

ஆயில் மாற்றுவதும் அப்படித்தான். இத்தனை மைல் ஓடினால் மாற்றவேண்டும் என்று டிரைவர் சொன்னார். அவர் சங்ககிரிப் பக்கத்து மனிதர், அதிகம் பேசமாட்டார். மைல் கணக்கை யார் பார்ப்பது, பார்க்கிறவர் சரியாகத்தான் பார்ப்பார் என்று என்ன நிச்சயம் என்று இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. அமாவாசை என்றால் யாரும் தள்ளிப்போடவோ முன்னால் இழுக்கவோ முடியாது. தவிர, அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் மாட்டைப் பூட்டமாட்டோம். மாட்டுக்கு ஓய்வு கொடுக்கிற அன்று மோட்டாருக்கும் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். அண்ணனும் ஒப்புக்கொண்டார். அவர்கள் இருவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

ஓர் அமாவாசைக்கு எங்கள் செலவில் ஆயில், அடுத்ததற்கு அண்ணன் செலவில். மாற்றுவது எப்போதும் எங்கள் களத்தில், இருவர் கண் முன்னால். என் கணவர் சேலத்தில் கிளிப் படம் போட்ட டின்னைத்தான் வாங்குவார். அண்ணன் நாமக்கல்லில் கப்பல் படம் போட்டதை வாங்குவார். கப்பல் டின்னில் கடலை எண்ணெய் கலக்கிறார்கள் என்று என் கணவர் அடித்துச் சொல்வார். கிளி டின் என்பது எங்கேயோ வடித்த பழைய ஆயிலை வடிகட்டி அடைத்ததுதான் என்பார் அண்ணன். இவர் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். அவர் திரியில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார். ஒருமுறை அண்ணன் நாக்கிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் துப்பிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். சமையல்கட்டில் இருக்கிறவளுக்கு எண்ணெய் வாசனை தெரியாதா என்பார்கள். நான் இரண்டையும் மோந்து பார்த்து, இரண்டிலும் கடலை வாசம் இல்லை என்று உள்ளதைச் சொல்வேன். உடனே இருவருக்கும் முகம் தொங்கிவிடும். நான் அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று இவர் நினைப்பார். கட்டிக்கொண்டவனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று அவர் நினைப்பார்.

வடிக்கிற பழைய ஆயிலையும் விடமாட்டார்கள். வண்டி அச்சுக்கும், கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை உருளைக்கும், கரையான் ஏறும் நிலைக்கதவுக்கும் அது வேண்டும். அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு தகரத் தொட்டி செய்து வைத்திருந்தார்கள். புது ஆயில் முழுவதையும் ஊற்றினால் எதுவரை வருமோ அதுவரை உள்ளே ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது. ஓட்டத்தில் கொஞ்சம் எரிந்துபோகும் என்பதால் வடித்த ஆயில் எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். இருவரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்து, "கொறையுது" என்று ஒருவரும் "செரியாத்தான் இருக்குது" என்று இன்னொருவரும் சொல்லி, பிறகு படியால் அளந்து பாதிப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் ஆடிக்குப் பிறகு பஸ் புகை விட ஆரம்பித்தது. முதலில் காலையில் கிளப்பும்போது மட்டும். பிறகு ஏற்றத்தில். பிறகு நாமக்கல் கடைவீதியிலேயே ஜனங்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிற அளவுக்கு நீலப்புகை. சேலத்து மெக்கானிக் பார்த்துவிட்டு, ஆயில் மேலே ஏறி எரிகிறது, இஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும் என்றார். பிரித்தால் சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை பஸ் நிற்கும். நின்றால் அந்தத் தடத்தில் வேறொருவன் பஸ் விட்டுவிடுவான்.

இருவருக்கும் காரணம் உடனே தெரிந்துவிட்டது. இவருக்குக் கப்பல் டின், அவருக்குக் கிளி டின்.

அண்ணன் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். ஆயில் மாற்றும் நாளில் வருவார், களத்திலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் அது அண்ணன்தான். பொங்கல் சீர், பிள்ளைக்குக் காது குத்த மடி, செத்தால் மேலே போர்த்தும் கோடித்துணி எல்லாம் அவர் கையிலிருந்து வரவேண்டும். பஸ் கூட்டு முறிந்தால் எனக்கு எருமப்பட்டி முறிந்தது. அதை நினைத்து நான் அடுப்படியில் அழுதிருக்கிறேன். பஸ்ஸைத் திட்டிக்கொண்டே அழுதிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் அதைப் பார்த்தேன். நான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு பஸ் எங்கள் களத்தில் நின்ற நாள். டிரைவர் இன்னும் வரவில்லை. என் கணவர் இஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு, ஒரு சொம்பிலிருந்து எதையோ உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். நியாயமான காரியம் செய்கிறவர் அப்படித் திரும்பிப் பார்க்கமாட்டார்.

இஞ்சினைக் கெடுத்து, அண்ணனை வெறுக்கடித்து, அவர் பங்கை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. கட்டின கணவரைப் பற்றி அப்படி நினைத்தேனே என்று இப்போதும் எனக்கு வெட்கம் இல்லை. அந்த வீட்டில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அவர் குளிக்கப் போனதும் சொம்பை எடுத்து மோந்தேன். புது ஆயில். கிளி டின். நல்ல ஆயிலை எதற்குத் திருட்டுத்தனமாக ஊற்றவேண்டும் என்று சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

சோறு போடும்போது கேட்டேவிட்டேன். "ஏனுங்க, காத்தால மோட்டாருக்கு என்னத்த ஊத்துனீங்க?"

அவர் கை நின்றது. "பாத்துட்டியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கண்ணன் வாங்குறது ஆயிலா அது? அத நம்பி உட்டா இஞ்சின் வெந்துபோயிரும். நம்ம மொறயிலயும் அவன் பழசு அடியில கொஞ்சம் தங்கிக் கெடக்குது. அதான் நம்ம களத்துல நிக்கறன்னிக்கு நல்லதா ஒரு சொம்பு சேத்து ஊத்தறேன். அவங்காதுல போட்றாத. தெரிஞ்சுதுன்னா, மாப்ள ஊத்திக்குவாருன்னு இன்னும் மட்டமா வாங்குவான்" என்றார்.

சொன்னது முழுவதையும் நான் நம்பிவிடவில்லை. ஆனால் அண்ணனிடம் சொல்லவும் முடியவில்லை. பஸ் மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகப் புகைந்தது.

ஐப்பசி அமாவாசைக்கு அண்ணன் வந்தார். அவர் முறை, கப்பல் டின் அவர் வந்த குதிரை வண்டியில் இருந்தது. அதை இறக்கவில்லை. களத்தில் நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மிணி, இன்னிக்குப் பழசை வடிச்சுப் பங்கு போட்டுக்கறோம். இதோட செரி. மோட்டாரை வித்துப்போட்டு ஆளுக்குப் பாதி. இனி இந்த வாசல்ல எனக்கு என்ன வேல இருக்குது?"

"ஏனுங்கண்ணா, நான் இருக்கறனுங்களே" என்றேன். அவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார். என் கணவர் தொட்டியைக் காலால் பஸ்ஸுக்கு அடியில் தள்ளினார்.

டிரைவர் படுத்து அடியில் போய், வடிகால் திருகாணியைக் கழற்றினார். கருத்த ஆயில் கயிறு போல இறங்கியது. இருவரும் வழக்கம்போல இருபக்கமும் குந்தி உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார்கள். முந்தின அமாவாசைகளில் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்ற ஆயில், இப்போது ஏறி ஏறிக் கோட்டைத் தொட்டது. நிற்கவில்லை. கோடு முழுகியது. இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். தொட்டி விளிம்பு நிறைந்து, தளும்பி, களத்து மண்ணில் வழிந்தது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கருப்புக் காலோடு ஓடின. "சட்டி கொண்டாங்க, சட்டி கொண்டாங்க" என்று அடியிலிருந்து டிரைவர் கத்தினார். கையில் கிடைத்த சோற்றுச் சட்டியைத்தான் கொண்டு ஓடினேன். அதுவும் பாதி நிறைந்தது.

ஊற்றியதை விட வடிந்தது அதிகம். எந்தத் திருட்டைப் பிடிப்பதற்கும் அந்தக் கோட்டில் வழி இருந்தது. இதற்கு வழி இல்லை.

முதலில் இருவரும் சேர்ந்து டிரைவர்மேல் பாய்ந்தார்கள். "ஏப்பா, எங்கிருந்து வந்துச்சு இத்தன ஆயிலு?"

டிரைவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கெப்படித் தெரியுமுங்க? அளவுக் கம்பில தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன், ஏறிக்கிட்டே போகுது. கொறஞ்சா நான் திருடிட்டன்னு சொல்லுவீங்க. கூடுனா என்ன சொல்லுவீங்களோன்னு வாயத் தொறக்கலீங்க. இத்தன ஆயில் ஊத்துனா பொகையாம என்னங்க பண்ணும்?"

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்றேன், என் கணவரைப் பார்த்து.

அவர் மண்ணைப் பார்த்தபடி சொன்னார். "நாந்தான் மச்சான். நம்ம களத்துல நிக்கறப்ப ஒரு சொம்பு, பொக கூடுனப்பறம் ரண்டு சொம்பு. உங்க ஆயில்மேல நம்பிக்கையில்ல."

அண்ணன் கோபத்தில் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒரு சொம்பு, ரண்டு சொம்பு ஊத்துனதுக்கா இத்தன வரும்?" என்றார். "நானுந்தான் மாப்ள. அங்க நிக்கறன்னிக்கெல்லாம் ஊத்தியிருக்கறேன். உங்க ஆயில்மேல எனக்கு மட்டும் நம்பிக்கையா?"

சினிமாவில் என்றால் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இவர்கள் படியை எடுத்துக்கொண்டு வந்து, கோட்டுக்கு மேலே இருந்த ஆயிலில் யார் பங்கு எவ்வளவு என்று வாதாட ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய் உலை வைத்தேன். சோறு வெந்தபோது வாதம் முடியவில்லை. ஆனால் அண்ணன் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து இலைமுன் உட்கார்ந்தார். நான் பரிமாறிய கையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

புது ஆயிலை அளவாக ஊற்றிக் கிளப்பியதும், சில நாளில் புகை நின்றுவிட்டது. இஞ்சினைப் பிரிக்கவும் இல்லை, பஸ்ஸை விற்கவும் இல்லை. ஊற்றும் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அன்று வண்டி ஏறுமுன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, உண்மையச் சொல்லு, யார் ஊத்துனது அதிகமா இருக்கும்?" என்று கேட்டார். "நீங்கதானுங்கண்ணா" என்றேன். அவர் போனபின் என் கணவரும் அதையே கேட்டார். "நீங்கதானுங்க" என்றேன். இருவரும் அந்தப் பதிலை மட்டும் சந்தேகப்படவில்லை.

தைப் பொங்கலுக்குச் சீர் வந்தது. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, எனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை. கூடையின் அடியில், துணி சுற்றி, ஒரு கப்பல் டின். அண்ணன் முறை இல்லாத மாதம் அது. என் கணவர் டின்னைத் திறந்தார். விரலில் தொட்டார், தேய்த்தார், மோந்தார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல வாசம் லேசா வருதே" என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "சாவிய எடுத்து வை, வர்ற அமாவாசைக்கு இதையே ஊத்தலாம்" என்றார்.