மருந்து கலக்குகிறவள்

கண்டரமாணிக்கத்தில் கத்தரித் தோட்டம் வைத்திருக்கும் பாண்டிமுருகனின் மனைவி அகல்யாவைப் பொறாமைக்காரி என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. கொழுந்தன் பெண்டாட்டி சந்திரலேகா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை, வயிறு எரிந்தது. இரண்டு தடவை கலைந்துபோன வயிறு வேறு என்ன செய்யும்? பேசுகிறவர்கள் ஒருநாள் அவள் இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தோட்டத்துக்கு மருந்து கலக்குவது அவள் வேலை. பூச்சிக்கொல்லி என்று அந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை, மருந்துதான். வாளித் தண்ணீரில் ஊற்றி, குச்சி அகப்படாவிட்டால் கையையே விட்டுக் கலக்கி, புருஷன் முதுகில் மாட்டும் தெளிப்பானில் நிரப்பிக் கொடுப்பாள். சாயங்காலம் அவன் கழற்றிப் போடும் சட்டையையும் அவள்தான் கசக்குவாள்.

முதல் பிள்ளை கலைந்தபோது காரைக்குடியில் டாக்டரம்மா கேட்டார்: "மருந்து ஏதாவது எடுத்துக்கிறீங்களா?" தலைவலி மாத்திரைகூடப் போடாதவள், இல்லை என்றாள். இரண்டாம் தடவையும் அதே கேள்வி, அதே பதில். அவர் தப்பாகக் கேட்கவில்லை, இவளும் பொய் சொல்லவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் தேனம்மைதான் அவள் கையைப் பிடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன வாடை இது?"

"கத்தரிக்கு மருந்து கலக்கிக்கிட்டு இருந்தேன். அங்கனயே வலி வந்துருச்சு, அப்படியே வந்துட்டோம்."

"மாசமா இருக்கையில அதுலயா கைய விட்டீக? அதுனாலதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மாசமா இருக்கவுக அதுல பொழங்குனா கலையிற பயம் கூடுதல். இனிமே தொடாதீக."

அகல்யா வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமியார் ஒச்சம்மாளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. "அந்தக் காட்டுல கெடந்துதான் நான் ரெண்டு ஆம்பளப் பிள்ளையப் பெத்தேன்" என்றாள். அகல்யா கலக்குவதை நிறுத்தினாள். வேலைக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று பெயர் வந்தது.

சந்திரலேகா காரைக்குடி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு மூன்றாம் மாதத்தில் வீட்டில் உட்கார்ந்தாள். மாதுளை உரித்துத் தட்டில் வைத்தார்கள். அவள் வாந்தி எடுத்தால் ஒச்சம்மாள் முதுகைத் தடவினாள். அகல்யாவும் வாந்தி எடுத்தவள்தான். அப்போது தட்டும் வரவில்லை, தடவுகிற கையும் வரவில்லை. கூடத்தில் அந்தப் பெண் சிரித்தால் இவளுக்குச் சோறு இறங்காது. போதாததற்குச் சந்திரலேகா நல்ல பெயருக்கு அலைகிறவள்.

ஒரு காலையில் பாண்டிமுருகன் தெளிப்பானோடு வாசலில் நின்று, மருந்து கலக்கித் தர ஆள் இல்லையே என்று ஒச்சம்மாளிடம் சொன்னான். சந்திரலேகா எழுந்தாள். "நான் கலக்கித் தாறேன் அத்தை. அக்காவுக்குத்தான் முடியலையே."

அகல்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. கலக்கட்டுமே என்று நினைத்தாள். மழுப்புவானேன், அப்படித்தான் நினைத்தாள். சந்திரலேகா புட்டியின் மூடியைத் திருகினாள். வாடை மாட்டுத்தொட்டி வரைக்கும் வந்தது. அகல்யாவுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஓடிப்போய்ப் புட்டியைப் பிடுங்கினாள்.

"நான் நல்ல பேரு வாங்கிருவேன்னு பொறாமையாக்கா?"

"ஆமா, பொறாமைதான். உன்னையப் பாத்தாலே வயிறு எரியுது. அதுக்காக நான் பட்டத நீயும் படணுமா? போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவு. அவுக சட்டையக்கூடத் தொடாத. இனி அவுகளே கலக்கட்டும், அவுகளே துவைக்கட்டும்."

பாண்டிமுருகன் புட்டியை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தான்.

ஒச்சம்மாள் சின்ன மருமகளை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். "எம்புட்டுக் கண்ணு பாரு, நெடியே வரல" என்று வெளியே கேட்கும்படி சொன்னாள். யாருடைய கண் என்று யாரும் கேட்கவில்லை. அகல்யாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு பிள்ளை போகிறவரைக்கும் தன்னை உட்காரவைத்து ஒருத்தர்கூட ஒரு மிளகாயைச் சுற்றிப் போட்டதில்லையே என்று அதற்கும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.