குறைத்து வைத்த வேகம்

அவர் ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டவர். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதால் கூட வேலை செய்தவர்கள் அவரைப் 'பத்துத்தடவை' என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு கோடையில் சர்வர் அறையின் ஏசி பழுதானது. சர்வர்கள் சூடேறி அணைந்துவிடாமலிருக்க, ப்ராசஸர்கள் எந்நேரமும் மிகக் குறைந்த வேகத்திலேயே ஓடும்படி கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் அமைத்தார். மூன்றாம் நாள் ஏசி சரியானது. வேகத்தைப் பழையபடி மாற்ற மறந்துபோனார்.

அடுத்த வாரம் தகவல்கள் குவிந்து, அந்தக் குறைந்த வேகத்தில் சர்வர் திணறியதில், அதன் வழியே இயங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் எச்சரிக்கை மணி இரண்டு நிமிடம் தாமதமாக ஒலித்தது. செவிலியர் ஓடிப்போய்ப் பார்த்தபோது நோயாளி இறந்திருந்தார். வேகத்தைக் குறைத்து வைத்த அவர் ஒருவருக்குத்தான் காரணம் புரிந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"வாயைத் திறக்காதீங்க. நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு," என்றாள் மனைவி.

"செத்தவருக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனது. இறந்தவரின் மகள் அவரை மருத்துவமனை வாசலில் நிறுத்தினாள்.

"உடனே மணி அடிச்சிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. ஆனா தாமதமானது என்னாலதான்."

அவள் படியிறங்கிப் போனாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.