சாலம்மாளின் சப்ஜெயில்

அந்தோணியார்கொட்டாயில் ஒரு பூச்செடி கல்லறைத்தோட்டத்துக்குள் போகவேண்டுமென்றால், அதற்கு முன்னால் மூன்று மழைக்காலம் ஜெயிலில் இருந்தாக வேண்டும். ஜெயில் என்பது வேறொன்றுமில்லை. அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால், ஒழுகுகிற தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், செங்கல் வரம்பு கட்டிய நாலு பாத்தி. ஊரார் அதற்கு 'சப்ஜெயில்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஜெயிலர் சாலம்மாள். கோயிலைக் கூட்டுவதும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். ஆள் ஒல்லி, வாய் நீளம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்தப் பாத்திகள் எப்படி வந்தன என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

சாலம்மாளுக்கு ஒரே பெண், தெரசா. எழுபத்தெட்டாம் வருஷம் நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். கல்லறைத்தோட்டத்தில் ஏழைகளைப் புதைக்கிற மேற்கு ஓரத்தில் புதைத்தார்கள். சிமெண்ட் வைக்க வசதியில்லை. ஒரு மண்மேடு, அதன் தலைமாட்டில் அப்பன் சவுரியப்பன் பூவரசங்கட்டையில் செதுக்கி நட்ட ஒரு சிலுவை, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை சாலம்மாள் போய் மேட்டுக்கு மண் அணைத்துவிட்டு வருவாள்.

மறுவருஷம் ஸ்தனிஸ்லாஸ் வந்து சேர்ந்தார். பெங்களூரில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்தவர் தன் அப்பாவின் குழிக்குச் சலவைக்கல் பதித்து, அதன்மேல் இரும்பு வளைவு ஒன்று நிறுத்தி, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த, பேரில் மட்டும் ரோஜாவான கொடிரோஜாவை ஏற்றிவிட்டார். ஆறே மாதத்தில் வளைவு முழுக்க ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. சாலம்மாளும்தான் பிளந்தாள். முதல் கோடையில் அந்தக் கொடி காய்ந்துவிடாமல் தினமும் ரெண்டு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றியவளே அவள்தான். அந்தக் கைகளை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

எண்பதில் மழை பொய்த்து, எண்பத்தொன்றில் ஊரில் வேலை இல்லாமல் போனது. புருஷனும் பெண்டாட்டியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். எட்டு மாதம் கழித்து, கல்லறைத் திருநாளுக்கு முதல்நாள் பொம்மிடியில் ரயிலிறங்கி நேராகக் கல்லறைத்தோட்டத்துக்குத்தான் போனாள் சாலம்மாள். பின்மழை அந்த வருஷம் கொட்டியிருந்தது. மேற்கு ஓரம் என்று ஒன்று இல்லை. கொடிரோஜா வளைவிலிருந்து இறங்கி மண்மேடுகள் மேலெல்லாம் படர்ந்து இடுப்பு உயரத்துக்கு நின்றது. அடியில் மரச்சிலுவைகளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. மேடுகள் கரைந்து தரையாகிவிட்டன. கொடியை விலக்கி விலக்கி, விரலால் மண்ணைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லா மண்ணும் ஒரே மாதிரி இருந்தது.

மறுநாள் கல்லறை மந்திரிப்பு. சாமியார் ஒவ்வொரு குழியாகப் போய்த் தீர்த்தம் தெளிக்க, அவரவர் தங்கள் குழிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றார்கள். சாலம்மாள் ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் கொடியின் ஓரத்தில் நின்றாள். மெழுகு உருகிக் கையில் வழிந்தது. ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தாண்டிப் போகும்போது நின்று, ஆறுதல் மாதிரி ஒரு வார்த்தை சொன்னார்.

"பூவுக்கடியிலதான படுத்திருக்குது புள்ள. கொடுத்துவெச்சவ, சாலு."

சிலர் தலையாட்டினார்கள். சாலம்மாள் அந்த வார்த்தையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்தநாள் காலையில் அரிவாளோடு போய் கொடியை அடியோடு வெட்டிப்போட்டாள். ஸ்தனிஸ்லாஸ், தன் அப்பாவின் கல்லறையை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று ஊர்க்கூட்டம் போட்டார். சலவைக்கல்லுக்கு முன்னால் முட்டிபோட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டாள். அரிவாளுக்குப் பயந்து அடங்கிவிடுமா அந்தக் கொடி? மண்ணுக்கடியில் சர்க்கரைவள்ளி மாதிரி கிழங்கு கிழங்காக வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு மழை விழுந்ததும் முன்னைவிட வேகமாக எழும்பி, நாட்டாண்மை வியாகுலம் தன் ஆத்தாளுக்குக் கட்டிய சிமெண்ட் கல்லறைமேல் ஏறிச் சிலுவையைச் சாய்த்துவிட்டது. நாட்டாண்மையின் ஆத்தா என்றதும் ஊருக்குக் கண் திறந்தது. தெரசாவுக்குத் திறக்காத கண்.

எப்படியாவது அதை ஒழித்துக்கட்டு என்று சாலம்மாளிடமே வந்து நின்றார்கள்.

"ஒழிக்கறன். ஆனா இனிமே என்னைக் கேக்காம ஒரு புல்லுகூட உள்ள போவக்கூடாது. கோயில் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

எழுதினார்கள். ஸ்தனிஸ்லாஸும் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் கடப்பாரையும் கையுமாகக் கிழங்கு தோண்டினாள். ஒரு துண்டு விட்டாலும் முளைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிச் சுமந்துபோய்ச் சுண்ணாம்புக் காளவாய் நெருப்பில் போட்டாள். கொடி ஒழிந்தது. தெரசா கிடைக்கவில்லை.

அப்புறம்தான் பாத்தி கட்டினாள். யார் எந்தச் செடியைக் கொண்டுவந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"இது வந்த ஊர்ல, யாரும் வெக்காம ரோட்டோரத்துல தானா மொளச்சி நிக்குதா?"

தெரியாது என்று சொன்னால், தெரிந்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவாள். பொம்மிடி ஸ்டேஷனில் அழகுக்கு வைத்த செடிகளில் எவையெவை வேலி தாண்டித் தண்டவாளத்தோரம் இறங்கியிருக்கின்றன என்று பார்க்கவே வருஷத்துக்கு ரெண்டு தடவை நடந்து போய்வருவாள். பாத்தியில் வைத்த பிறகு விசாரணை வேறு மாதிரி நடக்கும். கிளையை ஒடித்து ஈரமண்ணில் வீசுவாள், வேர் விடுகிறதா என்று பார்க்க. விதையைக் காற்று தூக்குகிறதா, குருவி தின்கிறதா என்று கவனிப்பாள். கோடையில் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, செத்ததுபோல நடித்துவிட்டு மழையில் எழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கன்னியாஸ்திரீகள் வேலிக்கென்று கொண்டுவந்த உண்ணிச்செடி முதல் கேள்வியிலேயே தோற்றது. வத்தல்மலைச் சரிவு முழுக்க அது மண்டிக்கிடப்பதைப் பாருங்கள் என்று கைகாட்டி அனுப்பிவிட்டாள். அந்திமந்தாரை ரெண்டாவது மழையில் பத்துக் குட்டி போட்டு மாட்டிக்கொண்டது. குரோட்டன்ஸும் நிஜ ரோஜாவும் தப்பித்தன.

எண்பத்துநாலு ஆவணியில் ஸ்தனிஸ்லாஸின் மனைவி ராஜமேரி இறந்துபோனாள். பத்தாம்நாள் அவர் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் பின்பக்கம் வந்தார். பளபளக்கிற இலை, நடுவில் ஒரு வெள்ளை அடுக்குப்பூ, தூக்கியடிக்கிற வாசம்.

"கார்டீனியான்னு சொல்லுவாங்க சாலு. பெங்களூர் குவாட்டர்ஸ்ல அவ வளத்தது. தன் தலைமாட்டுல இதத்தான் வெக்கணும்னு கேட்டுட்டுச் செத்தா."

"மூணு மழை பாக்கணுங்க பெரியப்பா."

"சரி, இந்த மழையோட சேத்து..."

"இது பாதி போயிடுச்சுங்க. கணக்குல சேராது. அடுத்த மழையிலிருந்து மூணு."

அவர் வாயைத் திறந்தார். நோட்டில் தன் கையெழுத்து இருப்பது ஞாபகம் வந்திருக்கவேண்டும், மூடிக்கொண்டார். மூன்று கல்லறைத் திருநாளுக்கு ராஜமேரியின் தலைமாடு மொட்டையாகக் கிடக்கும் என்று நினைத்தபோது சாலம்மாளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

மற்றச் செடிகளுக்கு வைத்த சோதனை ஒரு பங்கென்றால் இதற்கு மூன்று பங்கு. ஓடிப்போகட்டும் என்றே ஆட்டுப்புழுக்கை போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டிச் சீராட்டினாள். வரம்புக்கு வெளியே மண்ணைக் கொத்தி மெத்தை மாதிரி தயார் செய்து வைத்தாள். "வாடி, வந்து பாரு. ஒரு காலு வெளிய வெய்யி" என்று அதனிடம் பேசினாள். அது வரவில்லை. பூத்தது, உதிர்ந்தது, விதையே வைக்கவில்லை. வீசிய கிளைகள் சருகாகிப்போயின. ஸ்தனிஸ்லாஸ் மாதத்துக்கு ஒருமுறை வந்து, தூர நின்று பார்த்துவிட்டுப் போவார். வருஷத்துக்கு வருஷம் முதுகு வளைந்துகொண்டே போனது. அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

எண்பத்தேழு ஐப்பசி. அந்த வருஷம் சீக்கிரமே ஓய்ந்து, மூன்றாவது மழையும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தீர்ப்பு சொல்லவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சாலம்மாள் பாத்தியைச் சுற்றி முட்டிபோட்டு, நாலு முழத் தூரத்துக்கு மண்ணை விரலால் துழாவினாள். ஒரு குருத்து கிடையாது. அந்தச் செடி பாஸாகிவிட்டது. இனி ஸ்தனிஸ்லாஸ் அதை நட்டு, அடையாளம் தெரிகிற ஒரு குழியின் பக்கத்தில் நின்று, மெழுகுவர்த்தி ஏற்றுவார்.

அவளுக்கு நெஞ்சு வெந்தது. வீட்டுக்குப் போனாள். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு உடைந்த சட்டி இருந்தது. ஆடியில் அந்தச் செடியிலிருந்து ஒடித்த ஒரு கிளையை அதில் சொருகி, நிழல் கட்டி, குழந்தை மாதிரி பார்த்து வேர் பிடிக்க வைத்திருந்தாள். எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கமாட்டாள். இப்போது அதைக் கொண்டுவந்து வரம்புக்கு ஒரு கஜம் வெளியே நட்டு, மண்ணை அழுத்தி, மேலே சருகைத் தூவினாள். தானாக ஓடிவந்து முளைத்தது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரும் நாட்டாண்மையும் ஊரில் பாதிப்பேரும் வந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் தடியூன்றிப் பின்னால் வந்தார். முதலில் பார்த்தவர் நாட்டாண்மை.

"அடடே, வெளிய வந்துடுச்சே!"

கூட்டம் குனிந்து பார்த்தது. ஸ்தனிஸ்லாஸ் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. பழிவாங்குகிறாள், பொய் சொல்கிறாள் என்று அவர் கத்துவார் என்றுதான் சாலம்மாள் எதிர்பார்த்து நின்றாள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

"நீ சொல்லு சாலு. நீ சொன்னா சரிதான்" என்றார் அவர்.

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஊரில் அவளிடம் இருந்த சொத்து அந்த வாய் ஒன்றுதான். அவள் வேண்டாமென்றால் வேண்டாம். இன்றைக்கு ஒரு பொய்யைச் சொன்னால் நாளைக்கு இன்னொரு கொடி இன்னொரு பெயரில் வரும்போது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எந்த வாய் இருக்கும்? அது போய் இன்னொருத்தி பிள்ளையின்மேல் படரும். அது ஒருபக்கம். இன்னொன்றும் அவளுக்குப் பட்டது. பொய் சொன்னால் செடிதான் தோற்கும். ஸ்தனிஸ்லாஸ் தோற்கமாட்டார்.

குனிந்து, அந்தக் கன்றை வேர் அறாமல் மண்ணோடு பிடுங்கி எடுத்தாள்.

"இது நான் நட்டதுங்க. நேத்து மத்தியானம்."

சாமியார் பதறிப்போனார். "என்னம்மா இது?"

"பாவசங்கீர்த்தனம் அப்பறம் பண்றன் சாமி. இப்ப தீர்ப்பு சொல்லணும்." அவள் ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க செடி யோக்கியமானதுங்க பெரியப்பா. மூணு வருசமா தீனி போட்டுக் கூப்ட்டன், வெச்ச எடத்த வுட்டு ஒரு சாண் தாண்டல. கொண்டுபோயி பெரியம்மா தலமாட்டுல வெய்யுங்க. யாரும் தடுக்கமாட்டாங்க."

அவர் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"இருங்க, முடியல." பக்கத்தில் கிடந்த காலித் தொட்டியில் அந்தக் கன்றை வைத்து, மண் போட்டு, அவர் கையில் கொடுத்தாள். "இது அதோட புள்ள. இத எம் புள்ள தெரசா தலமாட்டுல வெச்சிடுங்க. நீங்களே எடம் பாத்து வெய்யுங்க. எனக்கு எடம் தெரியாதுங்க."

ஸ்தனிஸ்லாஸ் தொட்டியைப் பார்த்தார், பிறகு கல்லறைத்தோட்டத்தின் பக்கம் பார்த்தார்.

நவம்பர் ரெண்டாம் தேதி சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே குழி குழியாக வந்தார். ராஜமேரியின் தலைமாட்டில் வெள்ளைப்பூ பூத்திருந்தது. ஆனால் ஸ்தனிஸ்லாஸ் அங்கே நிற்கவில்லை. தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேற்கு ஓரத்தில் நின்றார். நாலடி நடந்து குனிந்து பார்ப்பார். இங்கே வைத்தால் யார் மார்மேலோ, அங்கே வைத்தால் யார் பிள்ளைமேலோ. நிமிர்ந்து இன்னும் நாலடி நடப்பார். வெயில் ஏறியது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நடந்துகொண்டிருந்தார். சாலம்மாள் சுவர்மேல் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியில் அவர் தொட்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எங்கன்னு தெரியல, சாலு."

"பூ வெச்சிருக்குதுங்களா?"

குனிந்து பார்த்தார். ஒரு மொட்டு இருந்தது.

"வெச்சிருக்குது."

"அப்ப பூவுக்கடியில எங்கியோதான் இருப்பா. வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி தண்ணி ஊத்துங்க பெரியப்பா. அடுத்த வருசம் எடுத்துட்டு வாங்க."

எண்பத்தெட்டிலும் எடுத்துவந்தார். எண்பத்தொன்பதிலும் எடுத்துவந்தார். செடி வளர்ந்து தொட்டி கனத்துப் போயிருந்தது. தூக்கமுடியாமல் மூச்சிரைக்க நடந்து வந்தவருக்கு யாரோ கை கொடுக்கப் போனார்கள். சாலம்மாள் சுவர்மேலிருந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"வுடுங்க. அவரே தூக்கட்டும்."