கொல்லைப்புறத்தில் கரண்ட் டவர்

போன மாதம் ஒரு வீடு பார்க்கப் போனோம். நானும் என் மனைவி சாந்தாவும்.

ஆயர் ஈத்தாம் பக்கம், தரை வீடு. மூன்று அறை. முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் கறிவேப்பிலையும் முருங்கையும் வைக்கிற அளவுக்கு மண். பினாங்குத் தீவில், நாம் வாங்கக்கூடிய விலையில், தரை வீடா? எனக்கு அப்போதே சந்தேகம். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் ஒரு சீனப் பெண்மணி. ஹால், அறை, பாத்ரூம் என்று நிதானமாகக் காட்டிக்கொண்டே வந்தவர், சமையலறைக்கு வந்ததும் கடகடவென்று பேச ஆரம்பித்தார்.

பின்கதவைத் திறந்தேன். விஷயம் புரிந்துவிட்டது.

கரண்ட் டவர்! பின்சுவருக்கு அந்தப் பக்கம், புல் மண்டிய காலி நிலத்தில் நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. கம்பிகள் கூரைக்கு நேர் மேலே போகவில்லை. ஆனால் அண்ணாந்து பார்க்காமலே கண்ணில் படுகிற தூரம்தான்.

காற்று நன்றாக வரும், பின்னால் யாரும் வீடு கட்டி மறைக்க மாட்டார்கள் என்று மலாய் மொழியில் சொன்னார் ஏஜென்ட். வாஸ்தவம்தான்... டவரை நகர்த்திவிட்டு யார் வந்து கட்டப்போகிறார்கள்?

சாந்தா டவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மண்ணை விரலால் கிளறிப் பார்த்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வீடு பிடித்துவிட்டது.

ஏன் பிடிக்காது? நாங்கள் இப்போது இருப்பது சுங்கை பினாங்கில், அடுக்குமாடியின் ஏழாவது மாடியில். சாந்தாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. லிஃப்ட் ஓடுகிற நாளில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஓடாத நாளில் காய்கறி வாங்க பசார் கிடையாது, கோயில் கிடையாது, கீழ்வீட்டு அக்காவோடு பேச்சும் கிடையாது. ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லிஃப்ட் எப்போது ஓடும், எப்போது படுக்கும் என்பது லிஃப்டுக்கே தெரியாது.

ஆகவே தரை வீடு வேண்டும். அது சரி. ஆனால் டவரடியிலா?

நான் விசாரிக்க ஆரம்பித்தேன். நம் ஆட்களிடம் வீடு வாங்கப்போகிறேன் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு நிபுணர் ஆகிவிடுவார்கள். ஆபீசில் ஒருவர், தலைவலி வரும் என்றார். இன்னொருவர், டவரடியில் பிறந்து வளர்ந்த தன் மைத்துனர் மாடு மாதிரி இருக்கிறார் என்றார். தெரிந்த டாக்டரிடம் கேட்டேன். "பயப்படும்படி ஒண்ணும் உறுதியாத் தெரியல. ஆனா பயப்படாதீங்கன்னு எழுதிக் குடுன்னா குடுக்க மாட்டேன்" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் உடம்பைப் பற்றிப் பேசவே இல்லை. "வாங்குறப்ப உங்களுக்கு மலிவு அண்ணே. விக்கிறப்ப வாங்குறவனுக்கும் மலிவாத்தானே வேணும்" என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீலிடம் பிளானைக் காட்டினேன். கம்பிக்காக ஒதுக்கிய நிலத்துக்கு வெளியேதான் வீடு இருக்கிறது, சட்டப்படி சிக்கல் இல்லை என்றார். சட்டம் சுவரைத் தாண்டாது. என் பயம் தாண்டும்!

ஒரு மழை நாள் சாயங்காலம், சாந்தாவிடம் சொல்லாமல் தனியாகப் போய் அந்த வீட்டின் பின்பக்கம் நின்றேன். கம்பியிலிருந்து மெல்ல ஒரு சத்தம்... தூரத்து வீட்டில் அப்பளம் பொரிக்கிற மாதிரி. காலையில் வேலைக்குக் கிளம்பினால் நான் இருட்டித்தான் திரும்புவேன். பகல் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டு இருக்கப்போவது அவள்.

மனுஷன் கையைவிட்டால் நாம் எங்கே போவோம்? கோயிலுக்குத்தான்.

பூக் கேட்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தினமும் ஃபெரியில் கடல் தாண்டிப் போகிற பட்டர்வொர்த்தில், என் ஆபீசுக்குப் பக்கத்துக் கோயிலில் கேட்டேன். சிவப்பு வந்தது. அப்பாடா! நான் வேண்டாம் என்று சொன்னால்தானே சண்டை? அம்மனே சொல்லிவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாந்தா முந்திக்கொண்டாள். லிஃப்ட் நன்றாக ஓடியதால் அன்று காலை நம் பேட்டைக் கோயிலுக்குப் போனாளாம். பூக் கேட்டாளாம். வெள்ளை வந்ததாம். முகமெல்லாம் சிரிப்பு.

என் சிவப்பை நானும் சொல்லிவிட வேண்டியதாயிற்று. அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. யாரைக் கேட்டுக்கொண்டு போனீர்கள் என்றாள். நீ யாரைக் கேட்டுக்கொண்டு போனாய் என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் ரசத்தோடு மட்டும்தான் பேசினோம்.

மறுநாள் பேட்டைக் கோயில் பூசாரியிடமே போய் நின்றோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். குடும்பக் காரியத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, ஒரே தடவைதான் கேட்க வேண்டுமாம். ஆளுக்கொரு கோயிலில் ஆளுக்கொரு பூவை எடுத்துக்கொண்டு வந்தால் அம்மன் எந்த வீட்டுக்குப் பதில் சொல்வாள் என்று கேட்டார். சரி, இப்போது சேர்ந்தே கேளுங்கள் என்று பொட்டலங்களை வைத்தார்.

நான் கண்ணை மூடினேன். சாந்தா கையை நீட்டவில்லை.

"வேணாங்க" என்றாள். "சிவப்பு வந்தா நான் ஆசைப்படாம இருப்பேனா? வெள்ளை வந்தா நீங்க பயப்படாம இருப்பீங்களா?"

பூசாரி பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கோயில் வாசலில், செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன். மழை நாளில் போய் நின்றதைச் சொன்னேன். அந்தச் சத்தத்தைச் சொன்னேன். "எனக்கு விலையும் இல்ல, விக்கிறதும் இல்ல. நீ பகல் பூரா அங்க தனியா இருப்பே. உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னுதான்" என்றேன். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா?

அவள் முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இப்பவும் பகல் பூரா தனியாத்தாங்க இருக்கேன்" என்றாள். "போன வாரம் லிஃப்ட் ஓடல. கீழே எங்கேயோ புகை வந்துச்சு. எவனோ குப்பையக் கொளுத்தியிருக்கான், அவ்வளவுதான். ஆனா அது தெரியறதுக்குள்ள படிக்கட்டு வரைக்கும் நடந்துட்டேன். இறங்க முடியல. கம்பியப் புடிச்சிட்டு நின்னேன். நீங்க ஃபெரியில இருந்தீங்க."

இதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் பயந்துவிடுவேனாம்!

ஊரெல்லாம் சுற்றி எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்? டாக்டர், வக்கீல், சோற்றுக்கடை, அம்மன் வரைக்கும். வீட்டில் இருக்கிறவளுக்கு எது பயம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

வாசலில் இருந்தபடியே ஏஜென்டுக்குப் போன் போட்டேன். வாங்குகிறோம் என்றேன். அந்தப் பெண்மணி ஒரு நிமிஷம் நம்பவில்லை.

டவர் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம், இனிமேல் சேர்ந்து பயப்படுவோம்.