நீர்நாய் பார்க்கப் போன கோடை

திருப்பூரில் வளர்ந்த எங்களுக்கு ஆறு என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற ஒன்று. நொய்யல் பாலத்தில் பேருந்து ஏறியதும் பேச்சை நிறுத்தித் துப்பட்டாவை மூக்கில் வைப்போம். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம். என் சின்ன வயதில் அந்தத் தண்ணீர் ஒரு நாள் ஊதாவாக ஓடும், இன்னொரு நாள் பச்சையாக. இப்போது எவ்வளவோ தேவலை என்கிறார்கள். இருந்தாலும் அதில் கால் வைக்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர் என்பதாலோ என்னவோ, எங்கள் வீட்டில் ஆற்றைப் பற்றி யாரும் பேசுவதே கிடையாது.

இஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் எல்லோரும் பயிற்சிக்குப் போனார்கள். தோழிகளுக்குப் பெங்களூரும் கோவையும் கிடைத்தன. எனக்குக் கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே இருக்கிற தொழிற்பேட்டை அது. அங்கே ஒரு தொழிற்சாலையில், இயந்திர உதிரி பாகங்களின் தரத்தைச் சோதிக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரரிடம், "திருநெல்வேலிக்குள்ள போகணுமுங்க" என்றேன்.

"இது ஜங்ஷன்லா. டவுனா, பாளையா, பேட்டையா? சொன்னாத்தான போவ முடியும்" என்றார்.

விடுதி டவுனில் இருந்தது. காலையில் தொழிற்சாலைப் பேருந்து, மாலையில் அதே பேருந்து, பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு பெங்களூர்த் தோழிகள் போடும் படங்களைப் பார்ப்பது. மே மாத வெயிலில் சுவரைத் தொட்டால் கை சுட்டது. என் அறையில் இன்னொருத்தி இருந்தாள். ஏரல் ஊர்க்காரி, டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். முதல் வாரம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சனிக்கிழமை சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, லீவு நாளெல்லாம் இப்படியே கட்டில்ல கெடக்கவா இம்புட்டுத் தூரம் வந்த? நாளைக்கு வெள்ளன எந்திரி. ஆத்துக்குப் போவோம்."

"ஆத்துக்கா? எதுக்குங்க்கா?"

"குளிக்கத்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

குறுக்குத்துறைக்கு விடுதியிலிருந்து நடந்தே போய்விடலாம். இருபுறமும் மருதமரங்கள் நிற்கிற சாலை. அதன் முடிவில் ஆறு சத்தமில்லாமல் வந்து நின்றது போல இருந்தது. நடு ஆற்றில் ஒரு முருகன் கோவில். கரையில் ஒதுங்காமல், ஆற்றுக்குள்ளேயே பாறை மேல் கட்டிய கோவில். மண்டபங்களின் கால்களைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு போனது. அங்கங்கே பிளாஸ்டிக்கும் பழந்துணியும் ஒதுங்கிக் கிடந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் படியில் நின்று குனிந்தபோது தண்ணீருக்குள் என் கால் விரல்கள் தெரிந்தன. பத்தும் தெரிந்தன. மே மாதத்தில், ஊரே காய்ந்து கிடக்கும்போது, ஓர் ஆறு முழு அகலத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒரு பெண் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கண்ணை மூடி மூக்கைப் பிடித்து முங்கினார். மீன்கள் என் கணுக்காலைக் கொத்தின. நான் கத்தினேன். அக்கா அப்போதுதான் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் எதிரே பாறையோரம் ஒரு தலை தெரிந்தது.

"அக்கா, ஒரு நாய் முங்குதுங்க! யாராச்சும் தூக்குங்க!" என்று பதறினேன். தலை மறைந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு தலைகளாக எழுந்தது. பிறகு ஒரு நீண்ட பழுப்பு உடல் வழுக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி, வாயிலிருந்த மீனை முன்னங்கால்களால் பிடித்து, தலையிலிருந்து கடிக்கத் தொடங்கியது. முள் நொறுங்கும் சத்தம் இக்கரைக்குக் கேட்டது. மீசையில் தண்ணீர் மினுங்கியது. ஒரு தடவை எங்களைப் பார்த்தது. பிறகு மறுபடி சாப்பிட்டது.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நீர்நாய்ட்டி" என்றாள், மூச்சுக்குள். "எங்கப்பா வலையக் கடிச்சிட்டுன்னு ஏசுவாவ. நான் ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்தவ, இன்னைக்குத்தான் பாக்கேன்."

துவைத்துக்கொண்டிருந்த பெண் தலையை மட்டும் திருப்பினாள். "அதுவா? வரும் போவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "கீரிப்பிள்ளையா இருக்கும்" என்றார் ஒருவர். "வெயில்ல கண்ணக் கட்டியிருக்கும்" என்றார் இன்னொருவர். "போட்டோ எடுத்தியாம்மா?" என்று எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் அண்ணாச்சி கேட்டார். போனை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அளவு பார்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அந்தப் பாறையையே நினைத்துக்கொண்டிருந்தேன். லட்சக்கணக்கான ஆட்கள் இருக்கிற ஒரு நகரத்தின் நடுவே அப்படி ஒரு குடும்பம் வீடு வாசலோடு வாழ்கிறது. காலையில் மீன் சாப்பிடுகிறது. ஊருக்கு அது ஒரு செய்தியே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் ஆற்றுக்கென்று ஆகிவிட்டன. டவுனில் ஏறி, ஆற்றை ஒட்டிப் போகிற எந்தப் பேருந்தாக இருந்தாலும் போய், ஏதாவது ஒரு துறையில் இறங்கிவிடுவோம். முக்கூடலில் ஆறு அகலமாக, சோம்பேறித்தனமாகக் கிடந்தது. அம்பாசமுத்திரத்தில் மலை அவ்வளவு பக்கத்தில் நின்றது. சாலையின் கடைசியில் நீலச் சுவர் எழுப்பியது போல இருந்தது. பத்தமடைக்குப் பக்கத்தில் கோரை வளர்ந்த ஓடையில் வழி தவறி, முட்டி வரை சேற்றில் புதைந்து, அக்காவின் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நீர்நாய் மட்டும் கண்ணில் படவில்லை.

போனில் தேடிப் படித்து, அதன் எச்சத்தில் மீன் செதில் இருக்கும் என்று தெரிந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் கோபாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருவரும் பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தோம். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்னத்தம்மா தேடுதிய? கம்மல் கிம்மல் விழுந்துட்டோ?"

"இல்ல பெரிப்பா, நீர்நாய் எச்சம்" என்றாள் அக்கா.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "படிக்கிற பிள்ளையளா?"

"ஆமா."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பைய மிதித்துப் போனார். கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அருகே நின்ற கொக்கு பறந்துவிட்டது.

ஜூன் மாதம் மேற்கே மேகம் கட்டியது. டவுனில் ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் அப்படியே அடித்தது. ஆனால் காற்று மட்டும் ஈரமாக வந்தது. கார் நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாகப் பேருந்தில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிறு சேரன்மகாதேவியில் இறங்கினோம். ஆறு முன்பு பார்த்ததைவிடக் கனத்து ஓடியது. மணல் திட்டில் ஈரக் காலடிகளைப் பார்த்ததும் அக்கா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

நாணலுக்குள்ளிருந்து அவை ஒவ்வொன்றாக வந்தன. பெரியவை, சின்னவை. கீச்கீச்சென்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு மணலில் புரண்டன. குட்டிகள் தண்ணீர் ஓரம் வரை வந்து பின்வாங்கின. தாய் ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி நேராகத் தண்ணீருக்குள் இழுத்துப் போனது. குட்டி அலறியது. தாய் விட்டது. குட்டி முங்கி, எழுந்து, தத்தளித்து, மறுபடி கரைக்கு ஓடியது. தாய் திரும்பவும் வந்து கவ்வியது. நீர்நாய்க்கும் நீச்சல் பிறவியில் வருவதில்லை என்பதை நான் அங்கே உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. போனை எடுத்து வீடியோ பிடித்தேன்.

அந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். நீர்நாயைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"ஏங்கண்ணு, தண்ணி அப்படியேவா தெளிவா ஓடுது?"

"ஆமாங்ப்பா. அடியில மணல் தெரியும்."

அந்தப் பக்கம் வீடியோ மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பயிற்சி முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கறேன்" என்றார். நானே வந்துவிடுவேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

பட்டறைக்கு லீவு போட்டு அப்பா வெளியூர் வந்து நான் பார்த்ததில்லை. விடிகாலை ரயிலில் இறங்கியவரை விடுதி வாசலில் அக்கா பார்த்து, "வாங்க மாமா" என்றாள். காபி குடித்ததும், "அந்த இடத்துக்குப் போலாமா சாமி?" என்றார். மூன்று பேரும் சேரன்மகாதேவிக்குப் போனோம்.

நெடுநேரம் காத்திருந்தோம். அன்று நீர்நாய் வரவில்லை. அக்காவுக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது. "பொறுங்க மாமா, இப்ப வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா அவள் பேச்சைக் கேட்டது போலத் தெரியவில்லை. தண்ணீரை அள்ளினார், முகர்ந்தார், கீழே விட்டார். மறுபடி அள்ளிக் குடித்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார்.

"அப்பா, ஆழமுங்க! இழுப்பு இருக்குது!"

அவர் கரையோரமாகவே மேற்கே கொஞ்ச தூரம் நடந்தார். அங்கிருந்து இறங்கினார். இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு தலை மட்டும். நான் அலறத் தொடங்கிய அந்த நொடியில் அவர் கைகள் எழுந்தன. ஒன்று மாற்றி ஒன்று, சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல். இழுப்பு அவரைக் கிழக்கே தள்ளியது; அதை முன்பே கணக்குப் பண்ணியவர் போல அதன் போக்கிலேயே போய், எங்களுக்கு நேர் எதிரே அக்கரையில் ஏறி நின்றார். சாயம் ஏறிய நகங்களோடு, இரவு ஷிப்டு முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிற என் அப்பா. அக்கரையில் சின்னதாக நின்று எங்களுக்குக் கை காட்டினார்.

"மாமாவுக்கு நீச்சல் தெரியும்னு நீ சொல்லவே இல்லயட்டி" என்றாள் அக்கா.

"எனக்கே தெரியாதுங்க்கா" என்றேன்.

திரும்பி நீந்தி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டி, முகம் வேறு யாரோ போல இளமையாக இருந்தது. "எங்கீங்ப்பா கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"வேற எங்க கண்ணு? நம்ம நொய்யல்லதான். எனக்கு எட்டு வயசோ, ஒம்பது வயசோ. பசங்க எல்லாருமா பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுத்துட்டுக் குதிப்போம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வா, எறங்கு. புடிச்சுக்கறேன்."

துப்பட்டாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். முதுகுக்கு அடியில் அவர் கை இருந்தது. மல்லாந்து படுக்கச் சொன்னார். காது தண்ணீருக்குள் போனதும் உலகமே அமைதியானது. மலைமேல் மேகம் மட்டும் தெரிந்தது. கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

கரையேறி ஈரத்தோடு இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா அக்காவிடம் கேட்டார், "இந்த ஆறு கடல்ல எங்க கண்ணு போய்ச் சேருது?"

"எங்க ஊருக்கு அங்கிட்டு, புன்னைக்காயல்ல மாமா. ஏரல் போயிட்டுப் போவலாம். அம்மா மீன் கொழம்பு வச்சுத் தருவாவ."

அப்பா பட்டறை முதலாளியைப் போனில் கூப்பிட்டு, வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "சும்மாதானுங்க. ஆறு பாக்கறனுங்க" என்றார். என்னிடம் திரும்பி, ராத்திரி ரயில் டிக்கெட்டை ரத்து பண்ணச் சொன்னார். ஏரல் பேருந்தில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, ஈர வேட்டியின் நுனியை வெளியே காயவிட்டபடி, வழி நெடுக ஆறு இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.