செந்திலின் ஏர்போர்ட் பாஸ் பறிபோன கதை

கோ-பைலட்டாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். கோவையிலிருந்து சென்னைக்குச் சரக்கு விமானம். உள்ளே முழுக்கத் திருப்பூர் டி-ஷர்ட் பெட்டிகள். பிற்பகல் நேரம், நல்ல மழை.

கிளம்புமுன் விமானத்தைச் சுற்றிவந்து டயர், இறக்கை, மூக்கு எல்லாம் பார்ப்பது கோ-பைலட்டின் வேலை. அன்று நான் பாதி தூரம் போய், புதுச் சட்டை நனைகிறதென்று திரும்பி வந்து ஏறிவிட்டேன்.

“வாக்-அரவுண்ட் ஆச்சா?” என்றார் கேப்டன்.

“ஆச்சு சார்.”

வலது இன்ஜின் சுற்றத் தொடங்கியது. ஒருவன் மழைக்குள் ஓடிவந்து, மூக்குக்கு நேரே நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். சரக்கு ஏற்றும் லோடர் செந்தில். நல்லூரில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கேப்டன் திட்டிக்கொண்டே இன்ஜினை அணைத்தார்.

மூக்கின் பக்கவாட்டில், வேகத்தை அளக்கும் பிடோ குழாயில், விமானம் நிற்கும்போது மாட்டிவைக்கும் சிவப்பு உறை கழற்றாமல் தொங்கியது. அப்படியே ஏறியிருந்தால் கேப்டனின் வேகமானி பொய் காட்டியிருக்கும்.

“நீ பாக்கலையா?”

“நான் பாக்கும்போது இல்ல சார். மழைன்னு லோடருங்க யாராச்சும் மறுபடி மாட்டியிருப்பாங்க.”

அது எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் விசாரணை. நானும் அறையில் இருந்தேன்.

“நான் தொடவே இல்லீங்க சார். தொங்கறது தெரிஞ்சுது, ஓடியாந்தனுங்க” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு செந்தில் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உறையைத் தொட்டது, ஓடும் இன்ஜின் அருகே வந்தது என்று இரண்டு குற்றம் எழுதி அவனுடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். அதோடு அவன் வேலையும் போயிற்று.

அதன்பிறகு ஒன்பது நாள் எதுவும் நடக்காததுபோலப் பறந்தேன். பத்தாம் நாள் கேப்டன் இன்னொரு பைலட்டிடம் என்னைக் காட்டி, “பையன் செக்கிங்ல கரெக்ட்டா இருப்பான்” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சார், அன்னிக்கு நான் மூக்குப் பக்கமே போகல.”

“எழுதிக் குடு” என்றார். கொடுத்தேன். நான்கு மாதம் பறக்க விடவில்லை. பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வைத்தார்கள்.

செந்திலைத் திரும்ப அழைத்தார்கள், அவன் போகவில்லை. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் போய் வாசலில் நின்றேன். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தான்.

“மன்னிச்சிருடா. வேலைக்கு வந்துரு.”

“இல்லீங்க சார்.”

அதுவரை என்னை “டேய்” என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

“சார்னு சொல்லாதடா.”

“மழைல ஆரு வேணாலும் மறந்திருப்பாங்க, அது தப்பில்லீங்க. அந்த ரூம்ல நான் உங்களைப் பாத்தனுங்களே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்க.”

பெல் அடித்தது. உள்ளே போய்விட்டான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், பழி இன்னொருவன் மேல் விழுவதற்குள் திருத்திவிடுங்கள். எனக்குப் பத்து நாள் ஆனது. பிறகு கேப்டனும் ஆனேன். செந்தில் இன்றுவரை என்னிடம் “வாங்க, போங்க” என்றுதான் பேசுகிறான்.