மடியில் அடித்த கெட்டிமேளம்

எனக்குக் கல்யாணம் ஒன்றரைத் தடவை நடந்தது. ஒன்றுக்கும் அரைக்கும் பெண் ஒருத்திதான். அந்த அரைக் கல்யாணத்துக்குக் காரணம் நான் அல்ல, சிங்கப்பூரில் இருக்கும் மூன்று சர்வர்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மலேசியாவில் எங்கள் ஊர் கூலிம். அதன் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்களுக்கு ஒரு செயலி உண்டு. பஸ் எங்கே வருகிறது, இன்னும் எத்தனை நிமிஷம் என்று போனில் காட்டும். அந்தச் செயலியைத் தாங்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மூன்று சர்வர்கள், மூன்றிலும் ஒரே புரோகிராம். ஒருவன் விழுந்தால் மற்ற இருவரும் சுமையைத் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் திரையில் மூன்று புள்ளிகள் இருக்கும். பச்சை என்றால் சுகம், சிவப்பு என்றால் படுத்துவிட்டான். படுத்தவனை இங்கிருந்தே எழுப்பலாம். எழாமல் அடம்பிடித்தால், கடைசியாகச் செய்த மாற்றத்தைத் தூக்கிவிட்டுப் பழைய புரோகிராமைத் திருப்பிப் போடலாம். இதற்குத்தான் சம்பளம்.

சர்வர் விழுந்தால் என் போன் அடிக்கும். ஆரம்பத்தில் 'டிங்' என்று ஒரு பவ்யமான சத்தம் வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் காலை வணக்கத்துக்கு அனுப்பும் ரோஜாப்பூவுக்கும் அதே 'டிங்'தான். ஒருநாள் ரோஜாப்பூ என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுக்க பஸ் எங்கே என்று தெரியாமல் வெயிலில் காய்ந்தார்கள். வந்த ஆத்திரத்தில் கெட்டிமேளத்தைப் பதிவு செய்து அந்த இடத்தில் போட்டேன். கெட்டிமேளம் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிற தமிழனை நான் பார்த்ததில்லை. போதாததற்கு, போனை ஊமையாக்கி வைத்தாலும் இது மட்டும் முழுச் சத்தத்தில் அடிக்கும்படி செய்து வைத்தேன். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவியை எனக்கு அறிமுகம் செய்ததும் அந்தச் செயலிதான். அதில் புகார்ப் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்த அவள், வாரத்தில் ஐந்து நாள் அதில் எழுதுவாள். முதல் புகார் எனக்கு மனப்பாடம். "4628 பஸ் மெர்போக் ஆற்றுக்குள் நிற்பதாக மேப் காட்டுகிறது. படகு அனுப்புவீர்களா அல்லது நாங்கள் நீந்தி வர வேண்டுமா? உடனே கவனிக்கவும்." எல்லாப் புகாரும் 'உடனே கவனிக்கவும்' என்றுதான் முடியும். உடனே கவனித்தேன். பதில் எழுதினேன். பதிலுக்கும் புகார் வந்தது. ஆறு மாதத்தில், பஸ் ஒழுங்காக ஓடிய நாட்களில் எனக்குப் பொழுது போகவில்லை என்பதைக் கண்டுகொண்டேன்.

பெண் கேட்கப் போனது கரங்கானுக்கு. அவள் அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கும் கங்காணி. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முப்பது வருஷமாக ஒருநாள் தவறாதவர்.

"சர்வர் எங்க இருக்கு தம்பி?" என்றார்.

"சிங்கப்பூர்ல மாமா."

"நீங்க?"

"கூலிம்ல."

"அப்ப யாரு அதப் பாத்துக்கிறது?"

"நான்தான் மாமா. இங்கேருந்தே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை நடக்கும் இடத்துக்குப் போகாமலே சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்ற கேள்வி அந்த முகத்தில் பச்சையாகத் தெரிந்தது. நான் பயந்துபோய், "நிமிஷத்துக்கு ஒருதடவ மூணு பேரையும் 'இருக்கியா'ன்னு கேப்போம் மாமா. பதில் வரலன்னா ஆளு விழுந்துட்டான்னு அர்த்தம்" என்றேன்.

"அது பெரட்டுதான லா!" என்று தொடையைத் தட்டினார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பெண் கிடைத்தது.

அவள் அவ்வளவு லேசில் மசியவில்லை. எத்தனையோ தேநீர்க்கடைகளில் பாதித் தேநீரில் அவளை விட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "மேடைக்குப் போன் வரக்கூடாது. போன் வந்தா நான் எந்திரிச்சிப் போயிருவேன். வெளையாட்டுக்குச் சொல்லல." அவள் சொன்னால் செய்வாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். வேலையை இரண்டு நாளைக்கு ஆபீஸ் அண்ணன் ஒருவரிடம் ஒப்படைத்தேன்.

அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பது எனக்குக் கூடப் பிறந்த குணம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் லைனில் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் வருகிறார்கள். மதியம் அவர்களுக்கு ஷிஃப்ட். பஸ் மண்டபத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம், மண்டபத்தை ஒரு புது நிறுத்தமாகச் செயலியில் சேர்த்தேன். சனி ஞாயிறில் எதையும் மாற்றக்கூடாது என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை எழுதியவனே நான்தான். அதனால் அண்ணனிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் மாற்றியவன் போனை விட்டுவிட்டு எப்படிப் போவான்? ஊமையாக்கி, பட்டு வேட்டி மடியில் செருகிக்கொண்டேன். ஊமையாக்கினாலும் அடிக்கும்படி செய்து வைத்தது சத்தியமாக நினைவில் இல்லை.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தாலித் தட்டு சபையில் ஆசீர்வாதத்துக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் பெரியம்மா அதை ஏந்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தார். எல்லார் கையிலும் மஞ்சள் அரிசி. அப்போது என் மடியில் கெட்டிமேளம் அடித்தது.

முதலில் அரிசி விழுந்தது. நானூறு பேர் ஒரே சமயத்தில் எறிந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாதஸ்வரக் கோஷ்டி, யாரோ தங்களை முந்திக்கொண்டார்கள் என்ற ரோஷத்தில் உடனே சேர்ந்துகொண்டது. தவில்காரர் என் போனை வென்றே தீருவது என்று அடித்தார். மேளம் கேட்டதும் சமையல் ஆட்கள் இலையைப் போட்டுச் சாம்பார் ஊற்ற ஆரம்பித்தார்கள். மாமா ஒருவர் மேடை ஏறி என் கையைக் குலுக்கி, "நல்லா இருங்க" என்றார். இவ்வளவுக்கும் நடுவில் பெரியம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "தாலி இன்னும் இங்கதான் லா இருக்கு!"

மேளம் நின்றது. ஐயர் என்னைப் பார்த்தார். என் மடி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"போனா?" என்றாள் அவள்.

"ம்."

அவள் கை மாலைக்குப் போனது. கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் மாலைக்குள் விழுந்த அரிசியை நிதானமாகத் தட்டிவிட்டாள். மாலை கழுத்திலேயே இருந்தது. எழுந்து போவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

அதற்குள் கீழேயிருந்து அவள் லைன் பெண்கள், "அக்கா! பஸ் ஒண்ணும் காட்டல லா! ஷிஃப்டுக்கு எப்படிப் போறது?" என்று போன்களை ஆட்டினார்கள். ஐயரைவிடப் பஸ்ஸைத்தான் அன்று அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் முட்டாள்தனம் பிற்பாடுதான் தெரிந்தது. மண்டபத்துக்கு அடுத்த நிறுத்தம் என்ற இடத்திலும் மண்டபத்தையே எழுதியிருந்தேன். மதிய ஷிஃப்டுக்கு ஆட்கள் பஸ்ஸைத் தேட ஆரம்பித்ததும், மண்டபத்திலிருந்து மண்டபத்துக்கு எத்தனை நிமிஷம் என்று மூன்று சர்வர்களும் கணக்குப் போட்டுப் போட்டு, மூச்சு முட்டி விழுந்துவிட்டார்கள்.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க."

கொடுத்தேன். என் கையெல்லாம் சந்தனமும் நெய்யும். திரை என் விரலை மதிக்காது.

"தெறக்கிற நம்பர் சொல்லுங்க."

அவள் காதருகில் குனிந்து ரகசியமாகச் சொன்னேன். ஐயருடைய மைக் நடுவில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. "நாலு ஆறு ரெண்டு எட்டு" என்று மண்டபத்தின் நான்கு மூலையிலும் கேட்டது.

"ஏய், அது நம்ம பஸ் நம்பர் லா!" என்று கீழே ஒருத்தி கத்தினாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆற்றுக்குள் நின்ற பஸ். முதல் புகார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சிரிப்பை அடக்கினால் அவளுக்குக் கன்னம் உப்பும். உப்பியது.

"அப்பறம் எத அமுக்கணும்?" என்றாள்.

பழைய புரோகிராமுக்குத் திரும்பும் வழியை மைக்கிலேயே சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. "நல்ல நேரம் இன்னும் பன்னெண்டு நிமிஷந்தான்" என்றார் ஐயர். மாமனார் மேடையேறி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மகள் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு வந்துட்டான்?"

"ஒருத்தம்ப்பா."

"ம். அடுத்தவன்?"

"ரெண்டு."

மூன்றாமவன் வரவில்லை. நானூறு பேர் ஒரு சிவப்புப் புள்ளிக்காகக் காத்திருந்தோம். ஐயரும் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம். மாமனார் பொறுமை இழந்து, தோட்டமே அதிரும் பழைய குரலில், "டேய், எந்திரிடா!" என்றார். புள்ளி பச்சையானது. அதைத் தற்செயல் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

"மூணு பேரும் வந்துட்டானுங்க! ஐயரே, ஊதச் சொல்லுங்க!"

அவள் போனை முந்தானையில் முடிந்துகொண்டு கழுத்தைத் தாழ்த்தினாள். தாலி கட்டினேன். எறிய யாரிடமும் அரிசி இல்லை. சனம் தரையிலிருந்தும் பக்கத்தில் இருந்தவர் தலையிலிருந்தும் பொறுக்கி எறிந்தது. சமையல்காரர் ஒரு கரண்டி பச்சரிசியோடு ஓடிவந்தார்.

பந்தி முடியும்போது, பஸ் இப்போது மண்டபத்துக்கு வராதே, உன் லைன் பெண்கள் எப்படிப் போவார்கள் என்று அவளிடம் கவலையோடு கேட்டேன். அவள் மூன்றாவது பந்தியைக் காட்டினாள். பஸ் டிரைவர் அண்ணன் இரண்டாவது பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் அவள்தான் அழைத்திருந்தாள். பஸ் காலையிலிருந்தே மண்டபத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தது.

எழுந்து போகாமல் ஏன் இருந்தாள் என்று அன்று கேட்கத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை காலை புகார்ப் பெட்டியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நேரத்தில், என் போனிலிருந்தே ஒரு புகார் பதிவாகியிருந்தது.

"பஸ் சரியாகிவிட்டது. மாப்பிள்ளைதான் இன்னும் சரியாகவில்லை. உடனே கவனிக்கவும்."

எல்லாப் புகாரையும் தீர்த்து மூடிவிடுவது என் வழக்கம். அந்த ஒன்றை மட்டும் இன்னும் மூடவில்லை.